கடைசி மூன்று வரி

ஐயா, வணக்கம். கொழும்பில் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படிக்கிறேன். எங்கள் கவிதைப் பட்டறையில் எழுதியவர் வாய் திறக்கக் கூடாது. மற்றவர்கள் கதைப்பதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். போன கிழமை என் கவிதையின் கடைசி மூன்று வரிகளையும் வெட்டச் சொன்னார் விரிவுரையாளர். அழுகையே வந்துவிட்டது. திருத்தத் திருத்த உணர்ச்சி செத்துப் போகாதா? எத்தனை தரம்தான் திருத்துவது? பட்டறையே மேல்நாட்டுச் சரக்குத்தானே? தொகுப்புப் போடும் எண்ணமும் இருக்கிறது. கவிதையை இணைத்திருக்கிறேன்.

ஒரு வாசகி, வெள்ளவத்தை

அன்புள்ள பிள்ளைக்கு,

அழுததில் பிழையில்லை. விரிவுரையாளர் சொன்னதிலும் பிழையில்லை.

மேல்நாட்டுச் சரக்கா? அமெரிக்காவில் ஐயோவாப் பல்கலைக்கழகத்தில் 1936இல் எழுத்துப் பட்டறை தொடங்கினார்கள், சரி. அதற்கு எவ்வளவோ முன்பே தொல்காப்பியர் தன் நூலோடு அதங்கோட்டாசான் முன்னால் போய் நின்றிருக்கிறார். ஆசான் குற்றம் சொல்லச் சொல்ல இவர் விடை சொன்னார் என்று உரையாசிரியர் நச்சினார்க்கினியர் கதை சொல்கிறார். அவருக்காவது வாய் திறக்க விட்டார்கள்! எத்தனை தரம் என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அது மருந்து வேளை அல்ல.

உங்கள் கவிதைக்கு வருகிறேன். கரையோர ரயிலில் அம்மாவோடு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்புகிறீர்கள்.

'சேலைத் தலைப்பில் உப்பு ஈரம்
கடல் பக்க யன்னலை
மூடச் சொல்லவில்லை அவள்'

இதை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன். அதன்பிறகு வருகிறது பாருங்கள்: 'வாழ்க்கை என்பதும் / ஓடும் ரயில்தானே / இறங்குமிடம் யார் அறிவார்?' பிள்ளை, இது யார் எழுதியது? நீங்கள் இல்லை. இது கவியரங்கத்துக் கைதட்டல் எழுதிய வரி.

கவியரங்கத்தை நான் இளக்காரம் செய்யவில்லை. 1942இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கம் உங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். அந்த மண்டபத்தில் நானும் 'இன்னொருமுறை' என்று கத்தியவன்தான். ஆனால் மேடையில் ஒரு வரி காதில் விழுந்தால் விழுந்ததுதான், திரும்பிப் போய்ப் பார்க்க வழியில்லை. அதனால் கவிஞர் ஆணி அடித்த மாதிரி முடிக்க வேண்டியிருந்தது. தாளில் அந்தத் தேவை இல்லை. வாசகர் மேலே போய் அந்த யன்னலை இன்னொருதரம் பார்ப்பார். அவருக்குப் போய் அர்த்தம் விளக்கினால் அவமானப்படுத்துகிறீர்கள் என்றுதான் பொருள். இந்தப் பழக்கம் நம் ஆட்களை விட்டுப் போகவே இல்லை. முகநூலில் பாருங்கள், முக்கால்வாசிக் கவிதைகள் கடைசி வரியில் உபதேசியார் ஆகிவிடுகின்றன.

எனக்கு இதைச் சொல்லித் தந்தவர் கவிஞர் அல்லர், புறக்கோட்டைப் பக்கம் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோத்த அண்ணர். சிறுசஞ்சிகை ஒன்றில் என் கவிதை வருவதாக இருந்தது. பக்கம் கொள்ளவில்லை. "தம்பி, கடைசி ரெண்டு வரியையும் எடுத்தால் சரியா நிக்கும். நட்டமில்லை" என்றார், ஈயத் தூசு படிந்த விரலால் புரூஃப் தாளைத் தட்டியபடி. சண்டை பிடித்தேன். அவர் பாட்டுக்கு எடுத்துவிட்டார். அந்த இரண்டில் ஒரு வரி நல்ல வரி என்று இன்றைக்கும் சொல்வேன். ஆனாலும் கவிதை அது இல்லாமல் நன்றாகத்தான் நின்றது.

உணர்ச்சி செத்துப் போகுமா என்று கேட்டீர்கள் அல்லவா? உங்கள் உணர்ச்சி யன்னலில் இருக்கிறது. வெட்டச் சொன்னது ரயில் தத்துவத்தை.

நம் ஈழத்துக் கவிஞர் 'மஹாகவி' உருத்திரமூர்த்தியை எடுத்து உரக்க வாசியுங்கள். யாப்பு குலையாமலே பேச்சுப் போல வரி உடைத்தவர். அப்புறம் உங்கள் கவிதையை வகுப்பில் வேறொருவரைக் கொண்டு வாசிக்கச் செய்யுங்கள். அவர் நாக்கு எங்கே தடுக்குகிறதோ அங்கே குறித்துக்கொள்ளுங்கள். 'மூடச் சொல்லவில்லை அவள்' என்பதில் 'அவள்' எதற்கு? யன்னலோரம் அம்மா இருப்பது தெரிந்ததுதானே.

தொகுப்பு இப்போது வேண்டாம். இந்தக் கவிதையைத் திருத்தி அனுப்புங்கள், வாசிக்கிறேன்.