ரெஸ்யூம்ல என்ன எழுதறது? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பனியன் கம்பெனில ஆறு வருஷம் அக்கவுண்ட்ஸ் பாத்தேன். 2021ல குழந்தை பிறந்ததும் வேலைய விட்டுட்டேன். இப்ப பையன் ஸ்கூல் போறான், திரும்ப வேலைக்குப் போகணும். ரெஸ்யூம்ல இந்த இடைவெளிய எப்படி மறைக்கறது? பழைய ரெஸ்யூம்ல "அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்ட், ஆறு வருஷ அனுபவம்"னு ஒரே வரிதான் இருக்கு.
– வாசகி, திருப்பூர்

பதில்: மறைக்கவே வேணாம் சகோதரி. "2021 முதல் குழந்தை வளர்ப்புக்காக இடைவெளி"ன்னு ஒரு வரி போட்டா முடிஞ்சுது. தேதிய இழுத்துப் போட்டு 2023 வரைக்கும் வேலை பாத்த மாதிரி காட்டினா, பிஎஃப் கணக்குல நீங்க கம்பெனிய விட்ட தேதி இருக்கு, புது கம்பெனில யுஏஎன்னு சொல்ற உங்க பிஎஃப் நம்பர் கேட்டு சேக்கும்போது அது வெளிய வந்துரும். அப்புறம் நீங்க எழுதின மத்ததையும் சந்தேகப்படுவாங்க.

எனக்கு உங்க இடைவெளிய விட அந்த ஒரு வரி தான் கவலையா இருக்கு. ஆறு வருஷத்த ஒரே வரில அடக்கிட்டீங்களே! கணக்குப் போட்டுப் பாருங்க, 2015 வாக்குல சேந்திருக்கீங்க, அப்படின்னா 2017 ஜூலைல ஜிஎஸ்டி வந்தப்போ நீங்க அந்த சீட்ல இருந்திருக்கீங்க. பழைய விற்பனை வரியான வாட் கணக்க மூடி ஜிஎஸ்டிக்கு மாத்தின வேலைல உங்க பங்கு இருந்தா அத கண்டிப்பா எழுதுங்க, இன்னிக்கு புதுசா வர்ற பசங்க யாருக்கும் அந்த அனுபவம் கிடையாது.

அதே மாதிரி ஜாப் ஒர்க், அதாவது வெளிய கொடுத்து செஞ்சு வாங்கற வேலை. நூல் நிட்டிங்குக்குப் போகும், துணி சாயப்பட்டறைக்குப் போகும், காம்பேக்டிங் போயிட்டு வரும், ஒவ்வொரு தடவையும் டெலிவரி சலான், எத்தன கிலோ போச்சு எத்தன கிலோ வந்துச்சு, நடுவுல எவ்வளவு கழிவுன்னு நோட்டு போட்டு பாத்தது நீங்கதானே? அத "சலான் எழுதினேன்"னு விடாம, "மாசம் சுமார் இத்தன சலான், இத்தன ஜாப் ஒர்க் யூனிட், ஐடிசி-04க்கு (ஜாப் ஒர்க்குக்கான ஜிஎஸ்டி படிவம்) கணக்கு ரெடி பண்ணினேன்"னு எழுதுங்க. எண்ணிக்கை உங்களுக்கு ஞாபகம் இருக்கறத மட்டும் போடுங்க, தோராயம்னா தோராயம்னே போடுங்க. மாசா மாசம் 11ம் தேதிக்குள்ள விற்பனை விவரத்துக்கான ஜிஎஸ்டிஆர்-1, 20ம் தேதிக்குள்ள வரி கட்டறதுக்கான 3பி, 15ம் தேதிக்குள்ள பிஎஃப், இஎஸ்ஐ, இதுல எதெல்லாம் நீங்களே போட்டீங்க, எதெல்லாம் ரெடி பண்ணி ஆடிட்டர் ஆபீசுக்கு அனுப்பினீங்கன்னு பிரிச்சு எழுதுங்க. இன்டர்வியூல முதல்ல கேக்கறதே இதத்தான்.

இன்னொரு விஷயம், விண்ணப்பிக்கறதுக்கு முன்னாடி கொஞ்சம் தூசி தட்டிக்கணும். நீங்க அனேகமா டேலி இஆர்பி 9ங்கற கணக்கு சாஃப்ட்வேர்ல வேலை பாத்திருப்பீங்க, இப்ப எல்லா இடத்துலயும் டேலி பிரைம். உள்ள இருக்கற கணக்கு அதேதான், மெனுவும் ஷார்ட்கட்டும்தான் மாறியிருக்கு, தினம் கொஞ்ச நேரம் உக்காந்தா கை பழகிடும். அப்புறம் இ-இன்வாய்ஸ், அதாவது பில்ல அரசு போர்ட்டல்ல பதிவு பண்ணி நம்பர் வாங்கறது. 2021 ஏப்ரல்ல அது 50 கோடிக்கு மேல டர்ன்ஓவர் உள்ள கம்பெனிகளுக்கு மட்டும்தான், 2023 ஆகஸ்ட்லேருந்து 5 கோடிக்கு மேல போனாலே கட்டாயம். அதாவது உங்க ஊர் நடுத்தர கம்பெனி நிறைய அதுக்குள்ள வந்தாச்சு. அத கத்துக்கிட்டு "டேலி பிரைம், இ-இன்வாய்ஸ் பயிற்சி"ன்னு இடைவெளி வரிக்குப் பக்கத்துலயே போடுங்க, இவங்க சும்மா இல்ல, தயாராகித்தான் வர்றாங்கன்னு படிக்கறவருக்குத் தெரியும். கத்துக்கிட்ட பிறகு மட்டும் போடுங்க.

கேள்வி: டிப்ளமோ மெக்கானிக்கல் முடிச்சிருக்கேன். அனுபவம் ஒண்ணும் இல்ல, ரெண்டு அரியர் வச்சு கிளியர் பண்ணினேன். ரெஸ்யூம் அரைப்பக்கத்துக்கு மேல வரவே மாட்டேங்குது. ஓசூர்ல, ஸ்ரீபெரும்புதூர்ல ட்ரை பண்றேன்.
– வாசகர், தர்மபுரி

பதில்: தம்பி, அரைப்பக்கம் ஒரு குறையே இல்ல. அத நிரப்பறதுக்காக "சவாலான சூழலில் திறமையை வளர்த்துக்கொள்ள விரும்புகிறேன்"னு ஆப்ஜெக்டிவ் போட்டுடாதீங்க, உங்க செட்ல எல்லார் ரெஸ்யூம்லயும் அதே வரிதான் இருக்கும், ஒருத்தர் எழுதினத ஒருத்தர் காப்பி பண்ணினது. கடின உழைப்பாளி, டீம் பிளேயர், இதெல்லாமும் அப்படித்தான்.

ஒர்க்ஷாப்ல நீங்க கைய வச்சத எழுதுங்க. லேத்ல என்ன ஆபரேஷன் பண்ணினீங்க, வெர்னியர் மட்டும்தானா இல்ல மைக்ரோமீட்டரும் பிடிச்சு அளப்பீங்களா, டிராயிங் பாத்து டாலரன்ஸ் (அளவுல எவ்வளவு கூடக் குறைய இருக்கலாம்னு) படிக்கத் தெரியுமா, கம்ப்யூட்டர்ல ஓடற சிஎன்சி மெஷின்ல புரோகிராம் எழுதினீங்களா இல்ல பக்கத்துல நின்னு பாத்தீங்களா. நின்னு பாத்தத "ஆபரேட் பண்ணுவேன்"னு எழுதினா மெஷின் முன்னாடி நிறுத்திக் கேப்பாங்க. புராஜெக்ட்ல நாலு பேர் இருந்திருப்பீங்க, அதுல உங்க பங்கு எதுன்னு ஒரு வரி. அரியர் கிளியர் ஆயிடுச்சுன்னா அத தனியா எழுத வேண்டியதில்ல, பாஸ் ஆன வருஷத்த மட்டும் மாத்தாம போடுங்க, கேட்டா உள்ளத சொல்லுங்க.

அப்ரென்டிஸ் வாய்ப்பையும் விட்டுடாதீங்க. டிப்ளமோ முடிச்சவங்களுக்கு மத்திய அரசோட நாட்ஸ் (NATS) அப்ரென்டிஸ் திட்டத்துல ஸ்டைபண்டோட ஒரு வருஷப் பயிற்சி இருக்கு, சென்னை தரமணில இருக்கற தென்மண்டல அப்ரென்டிஸ் பயிற்சி வாரியம்தான் நம்ம பக்கத்துக்கு அத பாத்துக்குது. முடிச்சா சான்றிதழ் உண்டு, அடுத்த ரெஸ்யூம்ல முதல் வரியே அதுவா இருக்கும்.

கேள்வி: மகளுக்கு பிரவுசிங் சென்டர்ல ரெஸ்யூம் அடிச்சு வாங்கினேன். அப்பா பேரு, மதம், ஆதார் நம்பர், கடைசில உறுதிமொழி கையெழுத்து எல்லாம் இருக்கு. சரிதானா?
– வாசகர், விழுப்புரம்

பதில்: ஆதார் நம்பர உடனே எடுத்துடுங்க ஐயா. ரெஸ்யூம் யார் யார் கைக்கோ போகும், வேலை உறுதியாகி ஆவணம் கேக்கும்போது கொடுத்தா போதும். மதம், ஜாதி, முழு வீட்டு முகவரி எதுவும் தனியார் வேலைக்குத் தேவையில்ல, ஊர் பேர் போதும். உறுதிமொழி இருந்தா தப்பில்ல, இல்லாட்டியும் யாரும் கேக்கப்போறதில்ல. அரசு வேலை விண்ணப்பம் வேற, அதுல கேட்டத கேட்டபடி நிரப்பணும்.

கேள்வி: ஏடிஎஸ்னு, அதாவது ரெஸ்யூம வடிகட்டற சாஃப்ட்வேருக்கு ஏத்த மாதிரின்னு சொல்லி, ரெஸ்யூம் எழுதித்தர 3,000 ரூபா கேக்கறாங்க. கொடுக்கலாமா?
– வாசகி, மதுரை

பதில்: கொடுக்காதீங்க. பெரிய கம்பெனிகளும் வேலைவாய்ப்பு சைட்டுகளும் ரெஸ்யூம சாஃப்ட்வேர்ல படிச்சு தேடறது உண்மைதான், அதுக்கு வேண்டியது சாதாரண விஷயம்: பக்கத்த ரெண்டா பிரிக்காம மேலேருந்து கீழ ஒரே பத்தியா எழுதறது, கட்டம் கட்டமா டேபிள் வேணாம், படமா ஸ்கேன் பண்ணாம எழுத்தா இருக்கற பிடிஎஃப், விளம்பரத்துல அவங்க எந்த வார்த்தைல கேட்டாங்களோ அதே வார்த்தை, அதுவும் உங்களுக்கு நிஜமாவே தெரிஞ்சதா இருந்தா மட்டும். பிடிஎஃப திறந்து எழுத்த செலக்ட் பண்ணி நோட்பேட்ல ஒட்டிப் பாருங்க, வரிசையா வந்துச்சுன்னா சாஃப்ட்வேருக்கும் அனேகமா அப்படித்தான் தெரியும். ஃபைல் பேரு "நியூ ரெஸ்யூம் ஃபைனல்"னு இல்லாம உங்க பேரும் வேலை பேரும் இருக்கட்டும். ரெஸ்யூம் எழுதறதோட வேலையும் வாங்கித் தர்றோம், முன்பணம் கட்டுங்கன்னு சொன்னாங்கன்னா பேச்ச அங்கயே நிறுத்திடுங்க, ஏற்கனவே கட்டிட்டிருந்தா சைபர் கிரைம் உதவி எண் 1930க்கு உடனே போன் பண்ணுங்க.