எல்லோரும் சிரிக்கிறார்கள், எனக்கு மட்டும் கோபம் வருகிறது

அன்புள்ள மேடம்,

எனக்கு 36 வயது. பிறந்து வளர்ந்தது, இப்போது இருப்பது எல்லாம் காசிமேடுதான். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறேன். என் தாய்மாமன் இறந்து ஐந்து மாதம் ஆகிறது. அவருடைய பதினாறாம் நாள் காரியத்தன்று, ஏழு வயது மகனை எல்லார் முன்னாலும் அறைந்துவிட்டேன். அதைத்தான் எழுத வந்தேன்.

மாமா துறைமுகத்தில் படகுகளுக்குப் பெயிண்ட் அடிப்பவர். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. கிளிப்பச்சை, ரோஸ், மாம்பழ மஞ்சள் என்று சட்டை போடுவார், எல்லாவற்றிலும் பெயிண்ட் தெறித்திருக்கும். என் மகனுக்கு அவர் ‘பெயிண்ட் தாத்தா’. மீன்பிடித் தடைக்காலத்தில் ஊரே வருமானம் இல்லாமல் உட்கார்ந்திருக்கும். படகுகளைப் பழுது பார்க்கவும் பெயிண்ட் அடிக்கவும் நிறுத்தி வைப்பதால் மாமாவுக்கு அப்போதுதான் சீசன். 45 நாளாக இருந்த தடையை 2017-ல் 61 நாள் ஆக்கினார்கள். “கவர்மென்ட்டே எனக்கு பதினாறு நாள் வேலை போட்டுக் குடுத்துருக்கு” என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அந்தக் கூலியில் பாதி, கடலுக்குப் போக முடியாத வீடுகளுக்கு அரிசியாகப் போய்விட்டது. சாயங்காலமானால் கேரம் போர்டு. 2024-ல் நம் பக்கத்துப் பெண் காசிமா அமெரிக்காவில் கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் ஜெயித்தபோது, சொந்தப் பேத்தி ஜெயித்த மாதிரி எல்லார் கையிலும் கடலை மிட்டாயைத் திணித்தார்.

முகமது அலி கதைதான் அவருடைய பெரிய கதை. 1980-ல் அலி சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் குத்துச்சண்டைக் காட்சிப் போட்டி ஆடினார். மாமாவுக்கு அப்போது 17 வயது. அலி தனக்குக் கை கொடுத்ததாகச் சொல்லுவார். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது கை கொடுத்ததோடு கதை முடியும். அப்புறம் தோளில் தட்டினார். கடைசியில், “என்கூட வந்துடு தம்பி” என்று அலியே கூப்பிட்டதாகவும், ஆயா அழும் என்று தான் போகவில்லை என்றும் ஆகிவிட்டது.

காரியத்தன்று சாப்பாடு முடிந்து எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்து மாமாவைப் பற்றிச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். என் மகன் எழுந்து, லுங்கியை மடித்துக் கட்டுவது போல் டிரவுசரைப் பிடித்துக்கொண்டு, முஷ்டியை மடக்கி, காலை மாற்றி மாற்றி வைத்து, அந்த அலி கதையை அப்படியே மாமா குரலில் சொன்னான். கூடமே சிரித்தது. நான் போய் அறைந்தேன். அன்றிலிருந்து அவன் பெயிண்ட் தாத்தா என்ற வார்த்தையையே சொல்வதில்லை. தாத்தா கொடுத்த பிரஷ்ஷைக் கூட பீரோவுக்கு அடியில் தள்ளிவிட்டான்.

யாரிடமும் சொல்லாத ஒன்று இருக்கிறது மேடம். மாமாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எனக்கு எட்டு வயதில் அப்பா போய்விட்டார். பள்ளிக்கூடத்துக்கு ஃபீஸ் கட்டியதிலிருந்து எல்லாம் மாமாதான். ஒன்பது வயதில் ஒருநாள் என்னைத் துறைமுகத்துக்குக் கூட்டிப்போய், கையில் சாக்பீஸ் கொடுத்து, “இதுல படகு பேரை எயுது கண்ணு” என்றார். நான் எழுதினேன். அதன் மேல் அவர் பிரஷ்ஷை ஓட்டினார். அத்தனை அழகாக இருந்தது. எழுத்து அவருக்கு ஒரு படம், அவ்வளவுதான். கல்யாணத்துக்குப் பிறகு தாளில் பெரிதாக எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்புவேன். போன சீசன் வரைக்கும் அப்படித்தான். “யாருக்கும் சொல்லாத” என்று ஒருமுறைதான் கேட்டார். நான் சொல்லவில்லை.

எடுக்கும்போது பெரியம்மா மகன் கொள்ளிச்சட்டியோடு முன்னால் போனார். பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட்டோம். கடையில் இரண்டு நாள்தான் லீவு. கணவர் நல்லவர்தான், அவரே “அப்பா இல்லையே, மாமாதானே, அஞ்சு மாசம் ஆச்சே” என்கிறார். யாராவது மாமாவைப் பற்றிச் சிரித்தால் இன்னமும் உடம்பெல்லாம் எரிகிறது. இது வியாதியா? என் பிள்ளையிடம் நான் என்ன சொல்வது?

– பெயர் வேண்டாம், காசிமேடு


அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் பையன். இதைத் தள்ளிப்போடாதீர்கள். இன்று ராத்திரியே பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லுங்கள்: “அன்னிக்கு அம்மா அடிச்சது தப்பு. நீ தாத்தா மாதிரியே செஞ்ச. அம்மாவுக்கு தாத்தாவைப் பாத்த மாதிரியே ஆயிடுச்சு, தாங்க முடியலை.” அதோடு நிறுத்துங்கள். ‘ஆனா நீயும்...’ என்று எதையும் சேர்க்க வேண்டாம். ஏழு வயதுப் பிள்ளைக்குத் துக்கம் தொடர்ந்து இருக்காது. ஒரு நிமிடம் அழுவான், அடுத்த நிமிடம் விளையாடுவான், அந்த விளையாட்டுக்குள்ளேயே துக்கமும் இருக்கும். அன்று அவன் தாத்தாவைக் கேலி செய்யவில்லை. அவரைக் கொஞ்ச நேரம் கூடத்துக்குத் திரும்பக் கூட்டி வந்தான். அறை விழுந்ததும், தாத்தாவைப் பற்றிப் பேசினால் அம்மாவுக்குப் பிடிக்காது என்று புரிந்துகொண்டான். பிரஷ் பீரோவுக்கு அடியில் போனது உங்களுக்காகத்தான். நீங்களே அதை எடுத்து அவன் கையில் கொடுங்கள்.

சொந்தக்காரர்கள் சிரித்ததிலும் தப்பில்லை என்று உங்களுக்கே தெரியும். உங்கள் பக்கத்தில் சாவு வீட்டில் கானா பாடுகிறவர்கள், போனவரின் குறும்பையும் சேர்த்துத்தான் பாடுகிறார்கள். அழுதுகொண்டே சிரிக்கிற ஊர் அது. உங்கள் கோபத்துக்குக் காரணம் வேறு என்று நினைக்கிறேன். ஆளுக்கொரு மாமாவை எடுத்து வைத்துப் பேசினார்கள். உங்களிடம் இருந்த மாமாவை நீங்கள் வெளியே எடுக்கவே முடியவில்லை. 27 வருடம் அவருக்கு எழுத்தாக இருந்திருக்கிறீர்கள், அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வழியில்லை. அந்த நேரத்தில் எல்லோரும் சிரித்தால் எரியத்தான் செய்யும்.

கென்னத் டோக்கா என்ற அமெரிக்க அறிஞர் 1989-ல் இந்த மாதிரித் துக்கத்துக்கு ஒரு பெயர் வைத்தார். தமிழில் ‘உரிமை மறுக்கப்பட்ட துக்கம்’ என்று சொல்லலாம். இழப்பு பெரிது, ஆனால் அழுவதற்கு உங்களுக்கு இவ்வளவுதான் பாத்தியதை என்று சுற்றி இருப்பவர்கள் அளந்து வைத்துவிடுகிறார்கள். இரண்டு நாள் லீவு, தெருமுனை, “மாமாதானே” எல்லாமே அந்த அளவுதான். காது குத்த மடியில் உட்கார வைத்ததும், வயசுக்கு வந்தபோது சீர் கொண்டு வந்ததும், கல்யாணத்தில் முன்னால் நின்றதும் தாய்மாமன். அவர் போகும்போது மருமகள் செய்ய வேண்டியது என்று ஒன்றும் வைக்கவில்லை. உங்கள் கணவரிடம் இதைச் சண்டையாக இல்லாமல் ஒருமுறை சொல்லிப் பாருங்கள்: “அவர் மாமா இல்லை, என்னை வளர்த்தவர்.” அவர் நல்லவர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

வியாதியா என்று கேட்டீர்கள். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை. நீடித்த துக்கத்தை ஒரு நோயாகச் சொல்ல, உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் குறைந்தது 6 மாதம் ஆகியிருக்க வேண்டும். அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் பெரியவர்களுக்கு 12 மாதம். மாதக் கணக்கு மட்டும் போதாது, அன்றாடப் பிழைப்பே நின்றுபோகும் அளவுக்கு இருக்க வேண்டும். சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் இல்லை, வேலைக்குப் போக முடியவில்லை, நானும் போய்விடலாம் என்று தோன்றுகிறது என்றால் மட்டும் காத்திருக்காதீர்கள். 14416 என்ற டெலி மனஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. ஸ்டான்லி மருத்துவமனையில் மனநலப் பிரிவும் உங்களுக்குப் பக்கம்தான்.

இனி அந்த ரகசியம். அதைக் கூடத்தில் போட்டு உடைக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். அவர் கேட்டுக்கொண்டது, நீங்கள் காப்பாற்றியது. ஆனால் அதற்குள்ளே ஒரு பாதி உங்களுடையது, அதைச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. “அம்மா சின்னப் பொண்ணா இருக்கும்போது படகுல சாக்பீஸால பேர் எழுதுவேன், தாத்தா அது மேல பெயிண்ட் அடிப்பாரு.” இதில் பொய் இல்லை, துரோகமும் இல்லை. தாத்தாவே ஏன் எழுதவில்லை என்று பிள்ளை வளர்ந்த பிறகு ஒருநாள் கேட்பான். அன்று சொல்வதா வேண்டாமா என்று அன்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் சீக்கிரம் செய்யுங்கள். ஏப்ரல் 15-ல் மறுபடி தடைக்காலம் தொடங்கிவிடும். படகுகளைச் சுரண்டி வேறு யாராவது புதுப் பெயிண்ட் அடித்துவிடுவார்கள். மாமா கடைசியாக அடித்த பெயர்கள் இப்போது இன்னும் அப்படியே இருக்கும். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், மீன் வாங்க வரும் கூட்டத்தில் நிற்கக்கூட முடியாது. நடு வாரத்தில் ஒரு நாள், ஏலமெல்லாம் ஓய்ந்த பிறகு பையனைக் கூட்டிக்கொண்டு போங்கள், முடிந்தால் கணவரையும். எந்தெந்தப் படகு என்று உங்களுக்குத்தான் தெரியும். போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பெயரையும் பையனை எழுத்துக்கூட்டி உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். நடுவில் அவன் அலி மாதிரி காலை மாற்றி மாற்றி வைத்தால், வைக்கட்டும்.