அப்டேட்டுக்குப் பின் வைஃபை வரவில்லையா? கார்டை மாற்றாதீர்கள்

கேள்வி: என் லினக்ஸ் மடிக்கணினியில் கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) அப்டேட் ஆன நாளிலிருந்து, மூடி வைத்துத் திறந்தால் வைஃபை வருவதில்லை. ரீஸ்டார்ட் செய்தால்தான் வருகிறது. கார்டு போய்விட்டது என்கிறார் பழுது பார்ப்பவர். மாற்றிவிடட்டுமா?

பதில்: வேண்டாம். ரீஸ்டார்ட் செய்ததும் எழுந்துவிடும் கார்டு பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். பழைய கர்னல் பெரும்பாலும் உங்கள் கணினியிலேயே இருக்கும். கணினி தொடங்கும்போது வரும் கிரப் மெனுவில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' போய் அதைத் தேர்ந்தெடுத்து, நாலைந்து முறை மூடித் திறந்து பாருங்கள். வைஃபை ஒழுங்காக வந்தால் கோளாறு அப்டேட்டில்தான். காசில்லாத இந்தச் சோதனையைக்கூடச் செய்யாமல் ஸ்க்ரூடிரைவரை எடுப்பவரிடம் மடிக்கணினியைக் கொடுக்காதீர்கள்.

'டிரைவரைச் சரிசெய்து தருகிறோம்' என்று வருபவர்களிடமும் எச்சரிக்கை. லினக்ஸில் வைஃபை டிரைவர், அதாவது கார்டை இயக்கும் மென்பொருள், பெரும்பாலும் கர்னலோடே வருகிறது. தனியாக விற்க அதில் ஒன்றுமில்லை. எங்கோ கிடைத்த ஸ்கிரிப்டை ரூட் அதிகாரத்தில் (முழு நிர்வாக உரிமையோடு) ஓட்டினால், கர்னலோடு வராத வெளி மாட்யூல் ஒன்று உள்ளே வந்து உட்காரும். கர்னல் தன்னை 'டெயின்டட்' (கலப்படமானது) என்று குறித்துக்கொள்ளும். அப்புறம் நீங்கள் புகார் அனுப்பினால், 'அதை நீக்கிவிட்டு மறுபடி சோதியுங்கள்' என்றுதான் பதில் வரும்.

பழைய கர்னலிலும் வைஃபை வரவில்லை என்றால்? அப்போதும் கார்டைச் சந்தேகிக்க அவசரப்படாதீர்கள். கார்டுக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேர் தனிப் பேக்கேஜ். அதே அப்டேட்டில் அதுவும் மாறியிருந்தால், பழைய கர்னலுக்குப் போனாலும் ஃபர்ம்வேர் புதியதாகவே இருக்கும். இன்டெல் கார்டுகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. டிரைவர் தனக்குத் தெரிந்த ஃபர்ம்வேர் பதிப்புகளில் மிகப் புதியதையே முதலில் தேடும். அதனால் கோப்புகள் எதுவும் மாறாமலே, கர்னல் மாறியதும் வேறு ஃபர்ம்வேர் ஏறிவிடலாம். கர்னல் லாகில் (கர்னல் எழுதிவைக்கும் பதிவில்) 'லோடட் ஃபர்ம்வேர் வெர்ஷன்' (loaded firmware version) என்ற வரியைத் தேடி, இரண்டு கர்னலிலும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

எந்த மாற்றம் கெடுத்தது என்பதைக் கண்டுபிடிக்க 'கிட் பைசெக்ட்' என்ற கருவி இருக்கிறது. இரண்டு பதிப்புகளுக்கு இடையே 14,000 மாற்றங்கள் இருந்தாலும் பாதி பாதியாகக் கழித்து 14 சோதனைகளில் பிடித்துவிடலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் கர்னலை மூலநிரலிலிருந்து கம்பைல் செய்ய வேண்டும். முடியாவிட்டால் விடுங்கள், கடைசியாக ஓடிய பதிப்பு, முதலில் கெட்ட பதிப்பு, இரண்டின் லாக் ஆகியவற்றை உங்கள் டிஸ்ட்ரோவுக்கு (உபுண்டு, ஃபெடோரா போல நீங்கள் பயன்படுத்தும் லினக்ஸ் தொகுப்பை வெளியிடுபவர்களுக்கு) அனுப்புங்கள்.

நேற்று ஓடியது இன்று ஓடாமல் போகக் கூடாது என்பது லினக்ஸ் கர்னலை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் விடாப்பிடியாகக் காக்கும் விதி. ஆனாலும் திருத்தம் மெயின்லைனில் (முதன்மைக் கர்னலில்) சேர்ந்து, ஸ்டேபிளுக்கு (ஏற்கெனவே வெளியான பதிப்புகளின் திருத்த வரிசைக்கு) இறங்கி, உங்கள் டிஸ்ட்ரோவுக்கு வருவதற்குள் வாரங்கள் ஓடிவிடும். ஒற்றை வரியைத் திருப்பிப் போட இத்தனை படி ஏறி இறங்க வேண்டியிருப்பது எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கிறது. அதுவரை பழைய கர்னலிலேயே ஓட்டுங்கள். தேவையற்ற பேக்கேஜ்களை நீக்கும் 'ஆட்டோ ரிமூவ்' கொடுக்கும்போது, நீக்கப்போகும் பட்டியலில் அது இருக்கிறதா என்று பார்த்துவிட்டே சம்மதம் சொல்லுங்கள்.