பிரசவ விடுப்பு முடிகிறது: வேலைக்குத் திரும்புவதா, பிஎஃப் பணத்தை எடுப்பதா?

கேள்வி: மன்னார்குடி அருகே ஒரு கிராமத்தில் வசிக்கிறேன், வயது 31. தனியார் பள்ளியில் எட்டு ஆண்டுகளாக ஆசிரியையாக இருக்கிறேன். பிஎஃப் பிடித்தம் 1,800 போகக் கையில் 16,200 ரூபாய் வரும். பெண் குழந்தைக்கு எட்டு மாதம் ஆகிறது. சம்பளமில்லா விடுப்பு மே மாதத்தோடு முடிகிறது. பிரசவச் செலவுக்காக நகையை ஒன்றரை வட்டிக்கு அடகு வைத்து 1,50,000 ரூபாய் வாங்கினோம். குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவுக்கு மாதம் 6,000 கொடுக்க வேண்டும். அதற்குப் பேசாமல் வேலையை விட்டு, பிஎஃப் பணத்தை எடுத்து நகையைத் திருப்பிவிடலாம் என்கிறார் விவசாயம் பார்க்கும் என் கணவர். மகளுக்குச் செல்வமகள் கணக்கு தொடங்கவும் ஆசை. என்ன செய்யலாம் ஐயா?

பதில்: நகை வீடு வந்து சேர வேண்டும் என்று உங்கள் கணவர் நினைப்பது நியாயம்தான் அம்மா. ஆனால் அதற்கு அவர் காட்டும் வழியை நான் ஏற்க மாட்டேன்.

உங்களிடம் 1,800 பிடிக்கப்படும்போது பள்ளி நிர்வாகமும் 1,800 செலுத்துகிறது. அதில் 1,250 ஓய்வூதியத்துக்கும் மீதி 550 பிஎஃப் கணக்குக்கும் போகிறது. ஆகவே வேலைக்குப் போனால் மாதம் மிஞ்சுவது 10,200 மட்டும் என்று கணக்கிடாதீர்கள். கண்ணில் படாத 3,600ஐயும் சேர்த்தால் 13,800. இதைவிட முக்கியமானது, பத்து ஆண்டுப் பணி நிறைந்தவர்களுக்கே 58 வயதில் மாத ஓய்வூதியம் உண்டு என்பது. எட்டு ஆண்டைக் கடந்துவிட்ட நீங்கள் ஓய்வூதியப் பணத்தையும் சேர்த்து எடுத்துவிட்டால், அந்த எட்டு ஆண்டும் கணக்கிலிருந்து போய்விடும். தொடர்ந்து உழைத்து 35 ஆண்டுப் பணி சேர்ந்தால், இன்றைய விதிப்படி 15,000 ரூபாய் ஊதிய வரம்பில் மாதம் 7,500 ரூபாய்க்குக் குறையாது.

மேட்டூரில் எப்போது தண்ணீர் திறப்பார்கள், அறுவடை நேரத்தில் மழை பிடித்துக்கொள்ளுமா என்று பார்த்தே வருமானத்தை எண்ண வேண்டிய டெல்டா குடும்பத்தில், மாதாமாதம் தேதி தவறாமல் வரும் ஒரே பணம் உங்கள் சம்பளம். ஜூனில் கட்டாயம் பணிக்குத் திரும்புங்கள்.

நகைக்கு வேறு வழி இருக்கிறது. ஒன்றரை வட்டி என்றால் மாதம் 2,250 ரூபாய், ஆண்டுக்கு 27,000. வங்கியிலோ உங்கள் ஊர்க் கூட்டுறவுக் கடன் சங்கத்திலோ முக்கால் வட்டிக்குக் கிடைத்தால் இது பாதியாகும், விசாரித்து மாற்றுங்கள். மாற்றும்போது எல்லா நகைகளையும் ஒரே சீட்டில் வைக்காமல், சங்கிலிக்கு ஒன்று, வளையலுக்கு ஒன்று என்று தனித்தனிச் சீட்டாக வையுங்கள். ஜூன் முதல் தை வரை மாதம் 5,000 அசலில் கட்டினால் 40,000 குறையும். சிறிய சீட்டை அப்போதே திருப்பிவிடலாம். மீதியை, கொள்முதல் நிலையத்தில் போட்ட சம்பா நெல்லுக்கான பணம் வங்கிக் கணக்கில் ஏறியதும் முதல் வேலையாக அடையுங்கள். சாகுபடிக்குக் கணவர் வெளியே கடன் வாங்குபவராக இருந்தால், கூட்டுறவுச் சங்கத்தின் பயிர்க்கடனைக் கேட்கச் சொல்லுங்கள். தவணைக்குள் கட்டினால் அதற்கு வட்டியே கிடையாது.

செல்வமகள் கணக்கை மகளுக்குப் பத்து வயது நிறையும் முன் எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம். அதில் கிடைக்கும் வட்டி இப்போது ஆண்டுக்கு 8.2 சதவீதம், நீங்கள் அடகுக்குக் கட்டுவதோ 18 சதவீதம். ஆசைக்கு இந்த ஆண்டு அஞ்சலகத்தில் குறைந்தபட்சத் தொகையான 250 ரூபாயைக் கட்டிக் கணக்கை மட்டும் தொடங்கி வையுங்கள். நகை முழுவதும் மீண்ட மாதத்திலிருந்து அந்த 5,000ஐ அப்படியே மகள் பெயருக்குத் திருப்பிவிடலாம்.