சொந்தத் தரிப்பிடம் இல்லாதவர் மின்கார் வாங்கலாமா?

தம்பி, கிழக்கு இலண்டனில் தொடர்மாடியொன்றின் இரண்டாம் தளத்தில் வாடகைக்கு இருப்பதாகவும், வீட்டுடன் சேர்ந்த தரிப்பிடம் இல்லை என்றும், வேலைக்குப் போய்வர நாளொன்றுக்கு 25 மைல் ஓட வேண்டியிருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். தெரிந்தவர் ஒருவர் தமது பழைய மின்காரை மலிவாகத் தர முன்வந்திருக்கிறார், "வீதியெங்கும் சார்ஜர் இருக்கிறது, வீட்டில் இல்லாவிட்டால் என்ன?" என்று அவர் சொல்வதை நம்பலாமா என்பது உங்கள் கேள்வி. 2017 இல் நான் முதல் மின்காரை வாங்கியபோது என் நிலையும் இதுதான். நான்கு ஆண்டுகள் பொதுச் சார்ஜரை மட்டுமே நம்பி ஓடினேன். அதன் பிறகே வாசலில் கார் நிறுத்தக்கூடிய வீட்டுக்கு மாறினேன். ஆகவே இரண்டு விதமான வாழ்க்கையும் எனக்குப் பழக்கம்.

அவர் சொல்வது பொய்யல்ல. 2025 இன் நடுப்பகுதியிலேயே இந்த நாட்டின் பொதுச் சார்ஜர்கள் 80,000 ஐத் தாண்டிவிட்டன. அவற்றில் கணிசமான பங்கு இலண்டனில் இருக்கிறது. ஆனாலும் உங்கள் கார் இரவில் நிற்கப்போகும் இடத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில், நீங்கள் வேலை முடிந்து திரும்பும் நேரத்தில், ஆளில்லாமல் எத்தனை கிடைக்கும் என்பதை அந்த எண்ணிக்கை சொல்லாது. உங்கள் முடிவு முழுவதும் இந்த ஒன்றில்தான் தங்கியிருக்கிறது.

முதலில் பணக் கணக்கைப் பார்த்துவிடுவோம். வீட்டில் சார்ஜ் செய்பவர்கள் மின்காருக்கென்றே உள்ள இரவுக் கட்டணத்தில் ஓர் அலகு (ஒரு கிலோவாட் மணி) மின்சாரத்தைப் பத்துப் பென்ஸுக்கும் குறைவாகப் பெற முடிகிறது. வீதியோரத்து மெதுவான சார்ஜரில் அதே அலகு ஏறத்தாழ 50 பென்ஸ். மோட்டர்வே ஓரத்து விரைவுச் சார்ஜரில் 70 பென்ஸைத் தாண்டுவது வழமை. வீட்டு மின்சாரத்துக்கு 5 வீதமும் பொதுச் சார்ஜருக்கு 20 வீதமும் பெறுமதி சேர் வரி விதிக்கப்படுவது, வாசலில் இடமில்லாதவன் மீது விழும் இன்னோர் அடி. இதை நான் எப்போதும் அநியாயம் என்றே சொல்லி வருகிறேன். நடுத்தர அளவுள்ள கார் ஓர் அலகில் மூன்றரை மைல் ஓடும் என்று வையுங்கள். அப்படியென்றால் வீட்டில் மைலுக்கு இரண்டு, மூன்று பென்ஸ், வீதியோரத்தில் 14 பென்ஸ், விரைவுச் சார்ஜரில் 20 பென்ஸுக்கு மேல் என்றாகிறது. ஒரு கலனுக்கு 40 மைல் ஓடும் பெட்ரோல் காருக்கு, லீற்றர் 135 பென்ஸ் விலையில், மைலுக்கு 15 பென்ஸ் செலவாகும். எனவே விரைவுச் சார்ஜரை மட்டும் நம்பி மின்கார் ஓட்டினால், எரிபொருட் செலவில் மிச்சம் எதுவும் இராது. பெட்ரோலைவிடக் கூடவே செலவாகும்.

இந்தக் கணக்குத் தரும் நல்ல செய்தியும் ஒன்றுண்டு. நீங்கள் வாரத்தில் ஐந்து நாள் வேலைக்குப் போகிறீர்கள் என்றால் அது 125 மைல், ஏறத்தாழ 36 அலகு. தெருவிளக்குக் கம்பத்தில் பொருத்தப்பட்ட 5 கிலோவாட் சார்ஜரில் அதை ஏற்ற ஏழரை மணித்தியாலம் போதும். வார இறுதி ஓட்டத்தையும், குளிர்காலத்தில் கார் கூடுதலாக விழுங்கும் மின்சாரத்தையும் சேர்த்தாலும் வாரத்துக்கு இரண்டு இரவுகளில் உங்கள் தேவை முடிந்துவிடும். நாள்தோறும் ஏற்ற வேண்டும் என்ற பயம் தேவையில்லை. அந்த இரண்டு இரவும் உறுதியாகக் கிடைக்குமா என்பதுதான் பார்க்க வேண்டியது.

என் அனுபவத்தில் இங்கேதான் சிக்கல் தொடங்கியது. எங்கள் வீதியில் இருந்த மூன்று கம்பங்களில் ஒன்றின் முன்னால் எப்போதும் ஒரு பெட்ரோல் வான் நிற்கும். சார்ஜருக்கென்று இடம் ஒதுக்கிக் கோடு போடாத வீதிகளில் யாரும் நிறுத்தலாம் என்பதால், அந்த வான்காரரைக் குறை சொல்லவும் வழியில்லை. மற்ற இரண்டும் மாலை ஆறு மணிக்குள் நிறைந்துவிடும். இரவு பத்து மணிக்கு மீண்டும் கீழே இறங்கி, இடம் கிடைத்திருக்கிறதா என்று மழையில் நடந்து பார்த்த நாட்கள் பல. இவ்வகைக் கம்பங்களில் கேபிள் இராது என்பதையும் நினைவில் வையுங்கள். மெதுவான சார்ஜுக்குரிய டைப் 2 என்ற கேபிளை நீங்களே காரில் வைத்திருக்க வேண்டும். மழைநாளில் சேறு படிந்த அந்தக் கேபிளைச் சுருட்டி எடுப்பதற்காகவே நான் ஒரு சோடி ரப்பர் கையுறையை டிக்கியில் வைத்திருந்தேன்.

அந்தப் பழைய கார் எது என்று நீங்கள் எழுதவில்லை. வாங்குவதற்கு முன் அதன் சார்ஜ் வாயைத் திறந்து பாருங்கள். டைப் 2 துளைகளுக்குக் கீழே இரண்டு பெரிய துளைகள் சேர்ந்திருந்தால் அது சிசிஎஸ் என்ற விரைவுச் சார்ஜ் முறை. இன்றைய விரைவுச் சார்ஜர்கள் அனைத்தும் ஏறக்குறைய அதையே நம்பி அமைக்கப்படுகின்றன. நிசான் லீஃபின் முதல் இரண்டு தலைமுறைகளில் விரைவுச் சார்ஜுக்கு இருப்பது சாடெமோ என்ற ஜப்பானிய முறை. புதிய நிலையங்கள் பலவற்றில் அந்த முறைக்கான கேபிள் ஒன்றுதான் இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. பழைய ரெனோ ஸோயி கார்களில் பெரும்பாலானவற்றுக்கு நேர்மின் (டிசி) விரைவுச் சார்ஜ் வசதியே கிடையாது. பிந்திய மாதிரிகளிலும் அது மேலதிகப் பணம் கட்டி வாங்கியவர்களுக்கு மட்டுமே கிடைத்தது. ஊருக்குள் மட்டும் ஓடுபவருக்கு இவையெல்லாம் நல்ல கார்கள்தான். மான்செஸ்டரில் இருக்கும் அக்காவைப் பார்க்க மாதம் ஒருமுறை போவதாக நீங்கள் எழுதியிருப்பதால்தான் இதை வலியுறுத்துகிறேன்.

சார்ஜரின் பலகையில் எழுதியிருக்கும் வேகத்தை அப்படியே நம்ப வேண்டாம். வீதிக் கம்பங்கள் தரும் மாறுமின்னை (ஏசி) உள்ளே வாங்கும் கருவி காரிலேயே இருப்பதால், அது 7 கிலோவாட் மட்டுமே தாங்குமானால் 22 கிலோவாட் கம்பத்தில் செருகினாலும் 7 தான் ஏறும். நேர்மின் சார்ஜரிலோ பேட்டரி எவ்வளவு கேட்கிறதோ அவ்வளவே கிடைக்கும்: 80 வீதத்தைத் தாண்டிய பிறகு வேகம் மளமளவென்று இறங்கிவிடும், பேட்டரி குளிர்ந்திருந்தால் தொடக்கத்திலேயே மந்தமாக இருக்கும். சில நிலையங்களில் ஒரே பெட்டியிலிருந்து இரண்டு கேபிள்கள் வரும். பக்கத்தில் இன்னொருவர் செருகியவுடன் இருவருக்கும் மின்சாரம் பங்கிடப்படும். இதனால்தான் நீண்ட பயணங்களில் 80 இல் கழற்றிவிட்டுப் புறப்படுவதும், வரிசை இருக்கும்போது 100 வரை காத்திராமல் இடம் விடுவதும் இங்குள்ள வழக்கமாகிவிட்டன.

பழுதைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2018 டிசம்பரில் மான்செஸ்டரிலிருந்து குடும்பத்துடன் திரும்பிக்கொண்டிருந்தோம். செயலி "காலியாக உள்ளது" என்று காட்டிய மோட்டர்வே சேவை நிலையத்துக்குள் 14 வீத சார்ஜுடன் நுழைந்தபோது, அங்கிருந்த இரண்டு சார்ஜர்களில் ஒன்றின் திரை இருண்டு கிடந்தது. மற்றதில் ஒருவர் செருகிவிட்டு உணவு உண்ணப் போயிருந்தார். உதவி எண்ணை அழைத்தால் இசைதான் ஒலித்தது. அவர் வரும்வரை நாற்பது நிமிடம், பிறகு எங்களுக்கு ஐம்பது நிமிடம், பின் இருக்கையில் போர்வைக்குள் இரண்டு பிள்ளைகள். என் மனைவி அன்று ஒரு வார்த்தையும் பேசவில்லை. அதன் பொருளை நீங்கள் ஊகிக்கலாம்.

அந்த நிலை இன்று பெரிதும் மாறியிருக்கிறது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2023 ஆம் ஆண்டின் பொதுச் சார்ஜர் ஒழுங்குவிதிகளின்படி, 50 கிலோவாட்டும் அதற்கு மேலும் உள்ள விரைவுச் சார்ஜர்களை நடத்தும் ஒவ்வொரு நிறுவனமும் தன் வலையமைப்பை ஆண்டுச் சராசரியாக 99 வீதம் இயங்கும் நிலையில் வைத்திருக்க வேண்டும். 24 மணித்தியாலமும் இலவச உதவி எண் இருக்க வேண்டும். 2024 நவம்பர் முதல் அந்தச் சார்ஜர்களில் வங்கி அட்டையைத் தட்டிப் பணம் செலுத்த முடிய வேண்டும். டெஸ்லா நிறுவனமும் தன் நிலையங்களை 2022 மே முதல் பிற கார்களுக்குப் படிப்படியாகத் திறந்துவிட்டது. ஆனால் பழைய நிலையங்களில் கேபிள் குட்டையாக இருப்பதால், சார்ஜ் வாய் வேறு பக்கத்தில் உள்ள கார்கள் அடுத்தவர் இடத்தையும் மறித்து நிற்க நேரிடுகிறது.

ஆனால் 8 கிலோவாட்டுக்குக் குறைந்த கம்பங்களுக்கு அட்டை வசதி கட்டாயமில்லை. நீங்கள் அன்றாடம் நம்பப்போவது இவற்றைத்தான். ஆகையால் சார்ஜர் நிறுவனங்களின் செயலிகளை முன்கூட்டியே இறக்கி, கணக்குத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். சார்ஜர்களை வரைபடத்தில் காட்டும் ஸாப்மாப் செயலியில் எது இயங்குகிறது என்று பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். கம்பத்தில் ஒட்டியிருக்கும் க்யூஆர் குறியீட்டை மட்டும் நம்பிப் பணம் கட்ட வேண்டாம், ஏனெனில் அதன் மேல் போலிக் குறியீட்டை ஒட்டி அட்டை விவரங்களைத் திருடும் ஆட்கள் இருக்கிறார்கள். தட்டிச் செலுத்தும்போது முன்பணமாக ஒரு தொகை வங்கியில் சில நாட்கள் முடக்கப்படுவதும் உண்டு. மாத இறுதியில் கணக்கில் இருப்பதைப் பார்த்துக்கொண்டு தட்டுங்கள்.

சார்ஜ் கட்டணமும் தரிப்பிடக் கட்டணமும் வெவ்வேறு என்பதைப் பலர் அபராதக் கடிதம் வந்த பிறகே அறிகிறார்கள். நானும் அவர்களில் ஒருவன். கார் நிறைந்த பிறகும் கழற்றாமல் விட்டால் நிமிடக் கணக்கில் மேலதிகக் கட்டணம் போடும் நிறுவனங்கள் உண்டு. மோட்டர்வே சேவை நிலையங்களில் இரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு தரிப்புக் கட்டணம் தொடங்கும். சார்ஜ் செய்பவருக்கு விலக்கு உண்டா என்பதை அங்குள்ள பலகையில் படித்துக்கொள்ளுங்கள். சன்னல் வழியாகக் கேபிளை இறக்கி நடைபாதைக்குக் குறுக்கே இழுத்தால் என்ன என்ற யோசனையும் உங்களுக்கு வரும். உள்ளூராட்சி மன்றத்தின் அனுமதியில்லாமல் அதைச் செய்யாதீர்கள்.

இப்போது என்ன செய்யலாம்? காரை வாங்குவதற்கு முன் இரண்டு வாரம், செவ்வாயும் வெள்ளியும், இரவு எட்டு மணியளவில் உங்கள் வீட்டைச் சுற்றிப் பத்து நிமிட நடைத் தூரத்துக்குள் உள்ள கம்பங்களைப் போய்ப் பாருங்கள். நான்கு இரவில் மூன்றிலாவது ஒன்று காலியாக இருந்தால் துணிந்து வாங்கலாம். இல்லையென்றால் வேலையிடத்தில் சார்ஜர் உண்டா, வைக்கும் எண்ணமாவது உண்டா என்று கேளுங்கள். அங்கே கிடைத்தால் வீதிக் கம்பங்களை மறந்துவிடலாம். இரண்டும் இல்லாவிட்டால் அந்த நண்பரிடம் நன்றி சொல்லி விலகிவிடுங்கள். வாங்கலாம் என்று தோன்றினால், அவர் கேட்கும் விலையை எனக்கு எழுதும்போது காரின் பெயர், ஆண்டு, பேட்டரியின் அளவு மூன்றையும் சேர்த்து எழுதுங்கள். சார்ஜ் வாயைத் திறந்து ஒரு படமும் எடுத்து அனுப்புங்கள்.