லைப்சிக் பழைய வீடும் 9 சதவீத ஆசையும்

தம்பி, நீங்கள் கேட்டிருப்பது நாலு கேள்வி. பிள்ளைக்குக் கீட்டாவில் (மழலையர் காப்பகம்) இடம், முருங்கைக்காய் கிடைக்கும் கடை, குளிருக்கு எந்த ஜாக்கெட் என்ற மூன்றுக்கும் உங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் பத்து நிமிடத்தில் பதில் வந்துவிடும். நான் நாலாவதுக்கு மட்டும் வருகிறேன். ப்ளூ கார்டில், அதாவது வேலை விசாவில், ஜெர்மனிக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அதற்குள் ஒரு ஆலோசகர் லைப்சிக்கில் பாதுகாக்கப்பட்ட பழைய கட்டடத்தில், அதாவது டெங்க்மாலில், ஃபிளாட் வாங்கினால் கட்டிய வரியெல்லாம் திரும்பி வரும் என்கிறார், அடுத்த வாரம் நோட்டாரிடம் (சொத்து ஒப்பந்தத்தை உறுதிப்படுத்தும் சட்ட அலுவலர்) கையெழுத்து என்கிறீர்கள். அடுத்த வாரம் போகாதீர்கள்.

சலுகை பொய் இல்லை. ஜெர்மன் வருமான வரிச் சட்டத்தில் 7ஐ (7i), 10எஃப் (10f) என்று இரண்டு பிரிவுகள். வாடகைக்கு விடுபவருக்கு 7ஐ: சீரமைப்புச் செலவை முதல் 8 ஆண்டுகள் ஆண்டுக்கு 9 சதவீதம், அடுத்த 4 ஆண்டுகள் 7 சதவீதம் என்று 12 ஆண்டில் முழுவதுமாகக் கழிக்கலாம். தானே குடியிருப்பவருக்கு 10எஃப்: 10 ஆண்டுகள், ஆண்டுக்கு 9 சதவீதம், மொத்தம் 90. ஆனால் இது ஒருவருக்கு ஒரே ஒரு கட்டடத்துக்குத்தான். கணவன் மனைவிக்குச் சேர்த்து இரண்டு.

இனி ஆலோசகரின் தாளில் சின்ன எழுத்தில் இருப்பது. 9 சதவீதம் என்பது ஃபிளாட் விலையில் இல்லை, சீரமைப்புச் செலவில். ஒரு ஃபிளாட் 3 லட்சம் யூரோ என்று வையுங்கள். அதில் நிலத்தின் பங்கு 30 ஆயிரம், பழைய கட்டடத்தின் பங்கு 60 ஆயிரம், சீரமைப்பு 2 லட்சத்து 10 ஆயிரம். நிலத்துக்குக் கழிவே கிடையாது. பழைய கட்டடத்துக்கு, 1925-க்கு முன் கட்டியது என்றால், ஆண்டுக்கு 2.5 சதவீதம், அதுவும் வாடகைக்கு விட்டால் மட்டும். சீரமைப்பில் 9 சதவீதம் 18,900 யூரோ. இந்தத் தொகை உங்கள் வரிக்குரிய வருமானத்திலிருந்து கழியும், வரியிலிருந்து இல்லை. கழியும் அந்தப் பகுதி முழுக்க 42 சதவீத வரி அடுக்கில் இருந்தால் மிச்சம் 7,938 யூரோ. 30 சதவீத அடுக்கு என்றால் 5,670. வீட்டில் ஒருவர்தான் சம்பாதிக்கிறீர்கள், இருவரும் சேர்ந்து கணக்குத் தாக்கல் செய்கிறீர்கள். அப்படியானால் 80 ஆயிரம் சம்பளத்தில் 42-ஐத் தொடவே மாட்டீர்கள். ஆலோசகரின் எக்செல் தாளில் எல்லோருக்கும் 42 என்றே போட்டிருக்கும்.

எதிர்ப்பக்கக் கணக்கும் இருக்கிறது. லைப்சிக் இருக்கும் சாக்சனி மாநிலத்தில் சொத்து வாங்கும் வரி 2023 முதல் 5.5 சதவீதம். 3 லட்சத்துக்கு 16,500. நோட்டாருக்கும் நிலப்பதிவுக்கும் சுமார் 2 சதவீதம். முதல் மூன்று ஆண்டு வரி மிச்சம் இதற்கே சரியாகப் போகும். தரகு தனியாகக் கேட்க மாட்டார்கள், விலைக்குள்ளேயே இருக்கும். அதே தெருவில் சீரமைத்து முடிந்த வீடு சதுர மீட்டர் என்ன விலைக்குப் போகிறது என்று பார்த்தால் அந்த வித்தியாசம் தெரிந்துவிடும்.

ரொம்பப் பேர் கவிழும் இடம் தேதி. விற்பவர் சீரமைத்துக் கொடுக்கும் வீட்டில், கொள்முதல் ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு நடந்த வேலைக்கு மட்டுமே சலுகை. சாரம் கட்டிக் கூரை ஏற்கெனவே மாற்றியாயிற்று என்றால் அந்தக் கூரைச் செலவு உங்களுக்குக் கிடையாது. பளபளவென்று முடித்து வைத்த வீட்டைக் காட்டி "டெங்க்மால், வரிச்சலுகை உண்டு" என்றால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

அடுத்து சான்றிதழ். பழைய கட்டடங்களைக் காக்கும் துறையின் சான்றிதழ் இல்லாமல் வரி அலுவலகம் ஒரு யூரோவும் தராது. வேலை தொடங்கும் முன்பே துறையோடு பேசி முடித்து எழுத்தில் வைத்திருக்க வேண்டும். நடுவில் திட்டம் மாறினால் மறுபடி போய்ப் பேச வேண்டும். கட்டட அனுமதி வேறு, இந்தச் சான்றிதழ் வேறு. முதலாவது கையில் இருக்கிறது என்று இரண்டாவதை மறந்தவர்கள் உண்டு. வேலை முடிந்ததும் ஒவ்வொரு இறுதி ரசீதையும் பட்டியல் போட்டுக் கொடுக்க வேண்டும். முன்பணச் சீட்டும் மதிப்பீடும் செல்லாது. நீங்களே சுவர் சுரண்டிய உழைப்புக்கு மதிப்பு போட முடியாது, வாங்கிய சுண்ணாம்புக்குப் போடலாம். சமையலறை அலமாரி, சௌனா, நீச்சல் தொட்டி, கடன் வட்டி எதுவும் சேராது. அரசு மானியம் வாங்கியிருந்தால் அந்தத் தொகையைக் கழித்துவிட்டுத்தான் கணக்கு. ஆற்றல் சேமிப்பு வேலைக்கான 20 சதவீத வரிச்சலுகையும் 10எஃப்பும் ஒரே செலவுக்குச் சேர்த்துக் கிடைக்காது.

இன்னொரு பொறி. கட்டடம் தனியாகப் பாதுகாக்கப்பட்டதா, அல்லது பாதுகாக்கப்பட்ட தெருவில் ஓர் உறுப்பு மட்டுமா என்று கேளுங்கள். உறுப்பு மட்டும் என்றால் தெருவின் வெளித்தோற்றத்தைக் காக்கும் செலவுதான் எண்ணப்படும்: முகப்பு, கூரை, வாசல் கதவு. உள்ளே போட்ட புதுக் குளியலறைக்குச் சல்லிக்காசு வராது.

ஜன்னலைச் சொல்லாமல் விட முடியாது. அந்தக் காலத்து வீடுகளில் பெட்டி ஜன்னல் இருக்கும்: ஒரு சாண் இடைவெளியில் உள்ளே ஒரு ஜோடி, வெளியே ஒரு ஜோடி கதவுகள். கழற்றி எறிந்துவிட்டு பிளாஸ்டிக் ஜன்னல் போட்டால் அந்தச் செலவு சான்றிதழில் ஏறாது, திரும்ப மாற்றச் சொல்லி உத்தரவும் வரலாம். சரியான வழி, வெளிக்கதவை மரவேலைக்காரரிடம் கொடுத்து அழுகிய கீழ்ச்சட்டத்தை மட்டும் மாற்றி, ஆளிவிதை எண்ணெய் மக்கில் கண்ணாடி பதித்து, உள்கதவில் இரட்டைக் கண்ணாடி போடுவது. ரப்பர் பட்டை உள்கதவில்தான் வர வேண்டும். வெளிக்கதவை இறுக்கி அடைத்தால் அறையின் ஈரக்காற்று நடுவில் மாட்டி, வெளிக்கண்ணாடியில் தண்ணீராக வடிந்து, இரண்டு குளிர்காலத்தில் சட்டம் மறுபடி ஊறிவிடும். சுவருக்குள் செருகியிருக்கும் உத்தர முனைகளையும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். அழுகலும் மரக்காளானும் அங்கேதான் தொடங்கும். பிறகு கண்டுபிடித்தால் தரையைப் பெயர்க்க வேண்டும்.

நம்மவர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், கோபிக்க வேண்டாம். இந்த ஃபிளாட்டுகளைத் தள்ளிவிடும் ஆலோசகர்களில் நம் ஊர்ப் பேச்சு பேசுபவர்களும் இருக்கிறார்கள். பொங்கல் விழாவில் அறிமுகம், பிரியாணி, பிறகு "அண்ணா, உங்க ஸ்டோயர், அதான் வரி, எவ்வளவு போகுது?" வாங்குபவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஊரில் அரை கிரவுண்டு வாங்க மூல பத்திரம், வில்லங்கம், பட்டா என்று பத்துத் தாள் கேட்கும் ஆள், இங்கே ஜெர்மன் புரியவில்லை என்று கண்ணை மூடிக் கையெழுத்துப் போடுகிறார். ஜெர்மன் தாளை ஜெர்மனிலேயே படிக்கப் பழகியவர்கள்தான் இந்த நாட்டில் தேறியிருக்கிறோம். நிறுவனம் விற்றுத் தனிநபர் வாங்கினால், ஒப்பந்த வரைவு பொதுவாக 2 வாரம் முன்பே கைக்கு வர வேண்டும் என்பது சட்டம். மொழி தெரியாது என்று நோட்டாரிடம் சொன்னால் மொழிபெயர்த்துச் சொல்ல ஏற்பாடு செய்தே ஆக வேண்டும். வாயைத் திறந்து கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

லைப்சிக்குக்கு இந்த வியாபாரம் புதிதும் இல்லை. பெர்லின் சுவர் விழுந்த பிறகு, 1990-களில், பழைய கிழக்கு ஜெர்மனிப் பகுதிக்கென்று தனிச் சலுகைச் சட்டமே இருந்தது. முதலீட்டில் 50 சதவீதம் வரை சிறப்புத் தேய்மானம் என்று வருமானத்தில் கழிக்கலாம். மேற்கிலிருந்து பணம் கொட்டியது. கரி படிந்த தெருக்கள் தங்கமாக மாறியது உண்மை. வாடகைக்கு ஆள் வராமல் வரிச் சேமிப்பை மட்டும் நம்பி வாங்கியவர்கள் நின்றதும் உண்மை. யூர்கன் ஷ்னைடர் என்ற கட்டட முதலாளி மேட்லர் பாசாஜ், பார்தெல்ஸ் ஹோஃப் என்று நகரின் நடுவிலேயே பழைய கட்டடங்களை வாங்கிக் குவித்து, 1994-ல் திவாலாகி நாட்டைவிட்டே ஓடினார். தச்சர், பூச்சு வேலைக்காரர்களுக்கு நின்ற 5 கோடி மார்க் பாக்கியை டாய்ச்ச வங்கியின் அன்றைய தலைவர் வேர்க்கடலை, அதாவது அற்பத் தொகை, என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டார். அந்தக் கட்டடங்கள் இன்று அழகாகத்தான் நிற்கின்றன. பணம் போனவர்கள் வேறு.

உங்கள் விசா நிலையும் இதில் சேர்கிறது. 10எஃப்பில் நீங்கள் குடியிருக்கும் ஆண்டுக்குத்தான் கழிவு; விட்ட ஆண்டைப் பின்னால் பிடிக்க முடியாது. வாடகைக்கு விட்டுவிட்டு மூன்றாம் ஆண்டில் ஊர் திரும்பினால் இங்கே சம்பளமே இல்லை, எதில் கழிப்பீர்கள்? வாடகைக்கு விட்ட வீட்டை 10 ஆண்டுக்குள் விற்றால் லாபத்துக்கு வரி. அதுவரை எடுத்த கழிவுத் தொகையும் அந்த லாபத்தில் சேர்ந்துகொள்ளும்.

ஆகவே ஆலோசகரிடம் மூன்று தாள் கேளுங்கள்: விலையை நிலம், பழைய கட்டடம், சீரமைப்பு என்று பிரித்த கணக்கு, துறையோடு வேலைக்கு முன்பே பேசி முடித்ததற்கான கடிதம், வேலை இன்னும் தொடங்கவில்லை என்பதற்கான எழுத்து. கிடைத்தால் அவர் காட்டும் ஸ்டோயர்பெராட்டரிடம் (வரி ஆலோசகர்) போகாமல், நீங்களே காசு கொடுத்து வேறு ஒருவரிடம் ஒரு மணி நேரம் உட்காருங்கள். "நாளைக்குள் முடிவு சொல்லுங்கள், வேறு ஆள் காத்திருக்கிறார்" என்றால், அந்த ஆளே வாங்கிக்கொள்ளட்டும்.