தீவட்டி பிடித்தவள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டில் ஒரு கிரேக்கப் புராணச் சாகசம் எழுதி நான்கு பேருக்கு நடத்தினேன். எல்லோரும் 5ஆம் லெவல். லெர்னா சதுப்பில் பல தலைப் பாம்பான ஹைட்ராவிடம் மொத்தக் குழுவும் செத்துவிட்டது. போர்வீரன் வெட்ட வெட்டத் தலைகள் ஏழாகிவிட்டன. மதகுருவாக ஆடிய புதிய பெண் தீவட்டியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றாள்; செய்ய ஒன்றுமில்லை என்று சலித்துக்கொண்டாள். கிரேக்கப் புராணச் சாயலில் வந்த தீரோஸ் விதிநூலை வாங்கினால் உதவுமா? இறந்தவர்களை எப்படித் திரும்பக் கொண்டுவருவது?

க.

அன்புள்ள க,

தீரோஸ் 2020இல் வந்த நல்ல நூல். தெய்வங்கள்மேல் வைக்கும் பக்திக்குப் புள்ளி கொடுக்கும் முறை அதில் அழகாக இருக்கிறது. வாங்குங்கள். ஆனால் உங்கள் சிக்கலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கடிதத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, தீவட்டி பிடித்த பெண், அவள்தான் இயோலாஸ். அது உங்கள் கண்ணில் படவேயில்லை.

பழைய கிரேக்க நூலாசிரியர் அப்பொல்லோடோரஸ் சொல்லும் கதையில் மாவீரன் ஹெராக்ளீஸும் தலையை நசுக்க நசுக்க இரண்டிரண்டாக முளைக்கிறது. தம்பி மகன் இயோலாஸ் பக்கத்துக் காட்டுக்குத் தீ வைத்து, கொள்ளிக்கட்டையால் கழுத்தின் அடியைச் சுட்ட பிறகுதான் முளைப்பது நிற்கிறது. விதிநூல் எழுதியவர்களுக்கு இது தெரியும். 2014இல் வந்த மான்ஸ்டர் மேனுவல் என்ற விதிநூலை எடுத்துப் பாருங்கள். ஹைட்ராவுக்கு 172 ஹிட் பாயின்ட் (உயிர்ப்புள்ளி), ஐந்து தலை. ஒருவர் ஆடும் ஒரே முறைக்குள் 25 டேமேஜ் (சேதம்) பட்டால் ஒரு தலை சாகும். ஹைட்ராவின் முறை முடியும்போது செத்த ஒவ்வொன்றுக்கும் இரண்டு முளைக்கும், முளைத்த தலைக்குப் பத்து வீதம் ஹிட் பாயின்ட் திரும்பும். கணக்குப் போடுங்கள். போர்வீரன் உயிரைக் கொடுத்து 25 அடிக்கிறான், 20 திரும்பி வந்துவிடுகிறது. மிச்சம் ஐந்து. அதற்கு விலை, அடுத்த சுற்றில் கூடுதலாக ஒரு கடி. பெரிய வாளால் இரண்டு அடியும் பட்டாலே 5ஆம் லெவலில் சராசரி 22தான் வரும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்கள் மோசமாக ஆடவில்லை ஐயா, நீங்கள் அவர்களை வெல்ல முடியாத கணக்குக்குள் இறக்கிவிட்டீர்கள்.

ஹைட்ராவின் போன முறைக்குப் பிறகு துளி நெருப்பு டேமேஜ் பட்டிருந்தால் போதும், எந்தத் தலையும் முளைக்காது. எரியும் தீவட்டியால் அடித்துப் பட்டால் ஒரு புள்ளி நெருப்பு டேமேஜ். தீவட்டி விலை ஒரு செம்புக்காசு. விடை அவள் கையிலேயே எரிந்துகொண்டிருந்தது, நீங்கள் அதை வெளிச்சத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டீர்கள்!

வெட்டுபவன் வேறு, சுடுபவள் வேறு என்று வேலையைப் பிரிப்பதுதான் இந்தச் சண்டையின் உயிர். அது ஆடுபவர்களுக்குத் தெரிய வேண்டுமானால் தடயம் முன்பே வேண்டும், ஒன்று போதாது, குறைந்தது மூன்று வையுங்கள். சதுப்புக்குப் போகும் வழியில் எரிந்த காடு. அமிமோனே ஊற்றருகே கழுத்து கருகிய ஒரு மண்டையோடு. தன் வேல் பயன்படவில்லை, அடுப்புக் கொள்ளிதான் காப்பாற்றியது என்று சொல்லும் மீனவக் கிழவி.

மேசையில் ஐந்து பொத்தான்களை வையுங்கள். தலை செத்தால் ஒன்றைக் கவிழ்த்துவிடுங்கள். ஹைட்ராவின் முறை முடியும்போது, "இந்தச் சுற்றில் நெருப்பு பட்டதா?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேளுங்கள். இல்லை என்றால் கவிழ்ந்ததை நிமிர்த்தி, பக்கத்தில் புதிதாக ஒன்றை வையுங்கள். இரண்டாவது சுற்றில் யாராவது தீவட்டியைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

ஒரு பொறி இருக்கிறது. மதகுருவின் சேக்ரட் ஃபிளேம் (புனிதச் சுடர்) மந்திரத்துக்குப் பெயரில்தான் தீ; விதிப்படி அது ரேடியன்ட், அதாவது ஒளி டேமேஜ், தலை முளைப்பதைத் தடுக்காது. இதை அவளிடம் முன்பே சொல்லுங்கள். தீவட்டி வீச்சு அடிக்கடி தவறும், ஆகவே முந்தின ஊரிலேயே இரண்டு மூன்று எண்ணெய்க் குப்பிகளை அவள் கையில் கொடுத்துவிடுங்கள்.

இயோலாஸ் உதவினான் என்பதற்காக, ஹெராக்ளீஸுக்கு வேலைகளை ஏவிய அரசன் யூரிஸ்தியஸ் இந்த வேலையைக் கணக்கில் சேர்க்க மறுத்தான். நடத்துபவர் அந்த அரசனாக இருக்கக் கூடாது. கடைசித் தலை விழும்போது, "எப்படிச் சுட்டாய், சொல்" என்று அவளிடம் கேளுங்கள்.

செத்தவர்கள் கிரேக்கப் பாதாளமான ஹேடீஸில் கண் விழிக்கட்டும், நால்வர் வாயிலும் படகுக்காரனுக்கான ஒரு ஒபோல் காசோடு. மூவருடைய தீ அணைந்திருக்கட்டும். அவள் தீவட்டி மட்டும் எரியட்டும்.